குளத்துக் களிமண்ணும் வார்ப்பு மணலும்

கேள்வி: சிறிய அளவில் அலுமினிய வார்ப்படம் செய்கிறேன். மணலைப் பிணைக்கக் கடையில் வாங்கும் களிப்பொடியான பென்டோனைட்டுக்குப் பதிலாக எங்கள் ஊர்க் குளத்துக் களிமண்ணை மணலில் கலந்தேன். மோல்டு உறுதியாக நின்றது. ஆனால் வார்ப்பில் துளைகள் விழுகின்றன. களிமண்ணைக் கைவிட வேண்டுமா?
– வாசகர், பல்லடம்

பதில்: கைவிட வேண்டியதில்லை, கழுவிப் பயன்படுத்துங்கள். குளத்து மண்ணில் களியோடு பசையற்ற வண்டலும் கலந்திருக்கும். அது மணல் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளை அடைப்பதோடு, பிடிப்பு வருவதற்குக் கூடுதல் தண்ணீரையும் கேட்கும். உலோகத்தை ஊற்றியதும் அந்தத் தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வார்ப்புக்குள் புகுந்துவிடும். ஆனால் துளைகள் வார்ப்பின் உள்ளே எங்கும் ஊசிமுனை அளவில் பரவியிருந்தால், மணலைவிட உருக்கிய அலுமினியத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும்.

களிமண்ணை டிரம்மில் ஊறவைத்துக் கூழாகக் கரைத்து, சில நிமிடங்கள் விட்டால் மணலும் பருவண்டலும் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் துணியில் வடித்துத் தெளியவிட்டு, படிந்த களியைக் காயவைத்து, நன்றாக இடித்துச் சலியுங்கள். அந்தப் பொடியில் சிறிது எடுத்து நீர்த்த அமிலத்தை விடும்போது நுரை பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். கரிசல் நிலத்து மண்ணில் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கட்டி) கலந்திருப்பது சாதாரணம். அத்தகைய மண் வேண்டாம்.

உலர்ந்த மணலில் எடைக்குச் சுமார் 10 சதவீதம் பொடியைக் கலந்த பிறகே தண்ணீரைத் தெளிக்க வேண்டும். ஈரச் சாக்கால் மூடி ஓரிரவு வைத்து, ஒரு பிடி மணலை இறுக்கிப் பாருங்கள்: விரல் தடம் தெளிவாகப் பதிய வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது, இரண்டாக உடைத்தால் முனைகள் உதிராமல் நிற்க வேண்டும்.

உலோகத்தை ஒட்டிக் கருகிய மணலை அப்படியே மறுபடி சேர்க்காதீர்கள். கடும் சூட்டில் களியின் படிக அமைப்பிலுள்ள நீர் போய்விட்டால், பிறகு எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் பழைய பிடிப்பு திரும்பாது. அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, புதுக் களியைச் சேர்க்க வேண்டும்.

இவையெல்லாம் ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸில் ஊற்றும் அலுமினியத்துக்குப் பொருந்தும். 1,300 டிகிரிக்கு மேல் ஊற்றும் வார்ப்பிரும்புக்கு இரும்புச்சத்து மிகுந்த செம்மண் களியை நம்ப வேண்டாம். அது இளகி வார்ப்பின் மேல் ஒட்டிக்கொள்ளும். அந்த வேலைக்குப் பென்டோனைட்டை வாங்குவதே மலிவு.