மெரியனும் ஒரு கப்பல் பட்டியலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிலடெல்பியாவுக்கு அருகில் வசிக்கிறேன். 1912இல் இங்கே திறக்கப்பட்ட மெரியன் கிழக்குக் கோல்ஃப் மைதானம் உருவான கதையை எழுதத் தொடங்கியிருக்கிறேன். வடிவமைத்தவர் ஹியூ வில்சன் என்று ஒரு சாராரும், சார்லஸ் மெக்டோனால்ட் என்று மறுசாராரும் சண்டையிடுகிறார்கள். யாரை நம்புவது? கொடிக்குப் பதிலாகக் கம்பத்தில் பிரம்புக்கூடை வைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? பழைய வான்படங்களை வைத்தே மூல வடிவத்தை முடிவு செய்துவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கூடையை விடுங்கள். அதை வைத்து யாரும் மைதானம் அமைக்கவில்லை. வான்படமும் போதாது, மெரியனின் மணற்குழிகளில் பல, திறப்புவிழாவுக்குப் பிறகு வெட்டப்பட்டவை.

‘யாரை நம்புவது’ என்று கேட்டிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஆராய்ச்சி செய்ய வந்தவர் ஏன் நம்புவதற்கு ஆள் தேடுகிறீர்கள்? தேதியைத் தேடுங்கள். வில்சன் 1910இலேயே பிரிட்டனுக்குப் போய், ஏழு மாதம் மைதானம் மைதானமாகச் சுற்றிப் படித்துவிட்டு வந்து மெரியனை வரைந்தார் என்று பல ஆண்டுகள் எழுதிவந்தார்கள். கப்பல் பயணிகள் பட்டியலைப் புரட்டியபோது அவர் திரும்பிய ஆண்டு 1912 என்று தெரிந்தது. மைதானத்தில் புல் விதைத்ததோ 1911 செப்டம்பரில். அதற்கும் முன்பு, வில்சனின் குழுவினர் மெக்டோனால்ட் அமைத்த நேஷனல் கோல்ஃப் மைதானத்துக்குப் போய்வந்து ஐந்து வரைபடங்கள் தீட்டியதும், அந்த ஏப்ரலில் மெக்டோனால்ட் நேரில் வந்து பார்த்து ஒன்றை ஆமோதித்ததும் கிளப்பின் குறிப்புகளிலேயே இருக்கின்றன.

இத்தனைக்கும் பயணம் முதலில், மைதானம் பிறகு என்று 1926இல் எழுதிவைத்தவர் வில்சனின் உடன்பிறந்த ஆலன். ஹியூ இறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஆலன் பொய் சொல்லவில்லை. பிரியமானவர்களைப் பற்றிப் பேசும்போது நம் மனம் நிகழ்ச்சிகளை அழகான வரிசையில் அடுக்கிக்கொள்கிறது. சில வாரங்களாக எனக்கு இதே நினைப்பு. என் தாய்மாமா தம் கல்யாணத்தன்று பந்தல் நனையப் பெருமழை கொட்டியது என்று சாகும்வரை சொன்னார். அண்மையில் அத்தையின் பெட்டியிலிருந்து கல்யாணக் கணக்கு நோட்டு கிடைத்தது. தண்ணீர் வண்டிக்குக் கொடுத்த கூலி அதில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அது கடும் வறட்சி ஆண்டு. மாமாவின் மழையை நான் இன்றும் நேசிக்கிறேன். குடும்ப வரலாறு எழுதினால் தண்ணீர் வண்டியைத்தான் எழுதுவேன்.

உங்கள் சண்டைக்கு வருகிறேன். மெக்டோனால்ட் ஆலோசனை சொன்னார். வில்சனின் குழு மண்ணில் இறங்கி வேலை செய்தது. ஒரே பெயரைப் பலகையில் எழுதியாக வேண்டும் என்ற பிடிவாதம் இருதரப்பையும் குருடாக்கியிருக்கிறது. வில்சன் இன்சூரன்ஸ் தொழில் செய்தவர், நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார். புல்லையும் உரத்தையும் பற்றி அமெரிக்க வேளாண்மைத் துறையின் பைப்பருக்கும் ஓக்லிக்கும் 1911 முதலே கடிதம் கடிதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடிதங்களை வாசித்தீர்களா? உங்கள் கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதலில் அவற்றை வாசியுங்கள், தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். 1911 பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரைக்கும் முடித்ததும் எனக்கு எழுதுங்கள்.