எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் பல் வலிக்கிறது

வேர் சிகிச்சைக்காக அந்தப் பல்லைத் திறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், டாக்டர். திறக்காதீர்கள். குடியாத்தத்திலிருந்து வந்த பீடி சுற்றும் அம்மாவுக்கு மேல் கடைவாய்ப்பல்லில் மந்தமான வலி, தட்டினால் வலியில்லை, குளிர்ச்சிக்கும் சாதாரணக் கூச்சம்தான், எக்ஸ்ரேயும் சுத்தம் என்கிறீர்கள். வேர் சிகிச்சைக்கு இதில் காரணமே இல்லை.

எனக்குத் தாடைத் தசை மேல்தான் சந்தேகம். கன்னத்து மாசெட்டர் தசை இறுகினால் வலி கடைவாய்ப்பல்லில் தெரியும். வேலை செய்யும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள்.

அப்புறம் இதைச் செய்து பாருங்கள். பல்லைக் கடிக்கச் சொன்னால் தசை புடைக்கும். தளர்த்தச் சொல்லி, அதே இடத்தில் சுமார் 1 கிலோ அழுத்தத்தில் 5 விநாடி அழுத்துங்கள். "இதே வலிதானா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. முகவலி நோயாளியைத் தொடவே தயக்கம் என்றீர்களே, சமையலறைத் தராசில் விரலால் 1 கிலோ வரை அழுத்திப் பழகுங்கள். கைக்கு அளவு தெரிந்தால் பயம் நிறையக் குறையும்.

விரிசல் விட்ட பல் எக்ஸ்ரேயில் தப்பிவிடும். அதனால் பல்லின் மேல்முனைகளை ஒவ்வொன்றாகக் கடிக்க வைத்துப் பார்த்துவிடுங்கள். முகம் கழுவும்போது ஷாக் அடித்த மாதிரி வலி என்றால் நரம்புக் கோளாறாக இருக்கலாம். 50 வயது தாண்டியவருக்குப் புதிய தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் சேர்ந்து வந்தால் அன்றைக்கே வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ சிஎம்சி மருத்துவமனைக்கோ அனுப்புங்கள்.