கட்ஆஃப் 175, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா? (பென்னாகரம் தம்பிக்கு)

தம்பி, கணக்கு 88, இயற்பியல் 90, வேதியியல் 84 என்று போட்டிருக்கிறீர்கள். பின்னது இரண்டும் பாதிதான் சேரும், 88 + 45 + 42, ஆக பொறியியல் சேர்க்கைக்கான கட்ஆஃப் 200-க்கு 175 சரிதான். ஆனால் "கிடைக்கிற காலேஜை முதலில் போடு" என்று உங்கள் மாமா சொன்னதை மட்டும் கேட்காதீர்கள். விருப்பப் பட்டியலில் மேலே போட்டது கிடைக்காவிட்டால்தான் கவுன்சிலிங்கில் அடுத்ததைப் பார்ப்பார்கள், அதனால் ஆசைப்பட்டதை முதலில் போடுவதால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. கிண்டி அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பொதுப் பிரிவில் இந்த மார்க்குக்குக் கஷ்டம், இருந்தாலும் போட்டு வையுங்கள், காசா பணமா. அப்புறம் பர்கூர், செட்டிக்கரை அரசுக் கல்லூரிகள். கம்ப்யூட்டருக்கு அடுத்து இசிஇயும் (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) சேர்த்துக்கொள்ளுங்கள்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது! அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தனி ரேங்க், படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. விண்ணப்பத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் பள்ளி விவரம் கேட்கும் இடத்தை அவசரமில்லாமல் நிரப்புங்கள், பிரவுசிங் சென்டர்காரரிடம் விட்டுவிடாதீர்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கெடுவுக்குள் உறுதி செய்ய வேண்டும், பேசாமல் இருந்தால் இடம் போய்விடும். இதைவிட நல்லது வேண்டுமென்றால், இதை ஏற்றுக்கொண்டே மேலே உள்ளதற்குக் காத்திருக்கவும் வழி உண்டு.