ஜெர்மனியில் முதல் வருஷம்: பெட்டி கட்டுவதற்கு முன் கேட்ட கேள்விகள்

வருகிற அக்டோபரில் ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் தொடங்கப் போகிறவர்களும், அவர்களைவிட அதிகமாகப் பதறிக்கொண்டிருக்கும் வீட்டாரும் கேட்ட கேள்விகள் இவை. நான் கரூரிலிருந்து ஆஹன் நகரத்துக்குப் படிக்கப் போனவள். படிப்பு முடிந்து இப்போது அங்கேயே வேலை. என் முதல் வருஷத்தில் செய்யக் கூடாத தவறுகளில் பாதியைச் செய்து முடித்திருக்கிறேன் என்பதுதான் பதில் சொல்ல எனக்கிருக்கும் தகுதி.

சேலத்திலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு நெய், கருவேப்பிலை, பால்கோவா, மசாலா சாமான் எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். 23 கிலோதான் என்கிறார்கள். எதைக் குறைப்பது?

அம்மா, முதல் மூன்றையும் எடுத்துவிடுங்கள், கிலோ கணக்கு தானாகக் குறையும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். பச்சைக் கருவேப்பிலைக்கும் தடை உண்டு. செடி நோய் பரவும் என்ற பயம். கருவாடு வேண்டுமானால் கொடுத்தனுப்பலாம், மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி. ஆனால் பக்கத்து அறைக்காரர்களை நினைத்துப் பாருங்கள்.

மசாலா சாமானில் கசகசா இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஜெர்மனியில் அதைக் கேக்கில் தூவித் தின்கிறார்கள், பிரச்சினையே இல்லை. ஆனால் விமானம் துபாய் வழியாகவோ அபுதாபி வழியாகவோ போனால், அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். ஐம்பது கிராம் குருமாவுக்காக அந்தச் சிக்கல் வேண்டாம்.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வீட்டில் அரைத்த குழம்பு மிளகாய்த் தூள், இந்த மூன்றும் போதும். அரிசி, பருப்பு, இட்லி அரிசி, உளுந்து எல்லாம் அங்கே ஈழத் தமிழர்களின் கடைகளில் கிடைக்கிறது. எண்பதுகளிலேயே வந்து வேர் பிடித்தவர்கள் அவர்கள். முருங்கைக்காய்கூட அந்தக் கடைகளில் பார்த்திருக்கிறேன், விலையை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது.

குக்கர் கொடுத்தனுப்புவதானால் இண்டக்‌ஷன் அடிப்பாகம் உள்ள எவர்சில்வர் குக்கராக வாங்குங்கள். சாதா அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடே ஏறாது.

கோயம்புத்தூர் மாணவர்: கைப்பையில் என்னென்ன பேப்பர் இருக்க வேண்டும், அக்கா?

பாஸ்போர்ட், அட்மிஷன் கடிதம், ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருவது), டிகிரி, மார்க்‌ஷீட்டுகளின் ஒரிஜினல், பிறப்புச் சான்றிதழ், ப்ளாக்டு அக்கவுண்ட் (செலவுப் பணத்தை முன்கூட்டியே பூட்டி வைக்கும் கணக்கு) உறுதிக் கடிதம், இன்ஷூரன்ஸ் கடிதம். எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ் செட், ஒரு ஸ்கேன். பெரிய பெட்டியில் எந்த ஒரிஜினலும் போகக் கூடாது. பெட்டி தொலைந்தால் சட்டை வாங்கிக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்தில் மறுபடி ஒரு டிகிரி சான்றிதழ் வாங்க எத்தனை மாதம் ஆகும் என்று உங்கள் சீனியர்களைக் கேளுங்கள்.

விருதுநகர் மாணவர்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, மார்க்‌ஷீட்டில் இனிஷியல் மட்டும். பிரச்சினை வருமா?

நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் பிரச்சினை இது. குடும்பப் பெயர் இல்லாத மனிதரை ஜெர்மன் அலுவலகத்துக்குப் புரிய வைப்பது கஷ்டம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, விமான டிக்கெட், இன்ஷூரன்ஸ், பேங்க், பல்கலைக்கழகப் பதிவு எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து அதே போல் இருக்கட்டும். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரி கையெழுத்துடன் ஒரு அஃபிடவிட் ஆங்கிலத்தில் எடுத்து வையுங்கள். எனக்கு ஒரு முறை கைகொடுத்தது.

அப்புறம், அங்கே எல்லோரும் உங்களை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். டாக்டர் கிளினிக் வரவேற்பறையில் "ஃப்ராவ்" (திருமதி மாதிரி) என்று சேர்த்து என் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டபோது, அவர் எங்கே இங்கே வந்தார் என்று திரும்பிப் பார்த்தவள் நான்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு அப்பா: ஜெர்மனியில் படிப்பே இலவசம் என்கிறார்கள். அப்படியென்றால் எதற்கு 12 லட்சம் கேட்கிறார்கள்?

சார், அந்தப் பணம் கட்டணம் இல்லை, உங்கள் மகனின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் முன்கூட்டியே வைத்துக் காட்டும் பணம். 2024 செப்டம்பரிலிருந்து வருஷத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அது பூட்டிய கணக்கு. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மாதம் 992 யூரோ மட்டுமே அதிலிருந்து வெளியே வரும்.

படிப்புக் கட்டணம் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இல்லை என்பது உண்மைதான். செமஸ்டருக்கு ஒரு பங்களிப்புத் தொகை கட்டினால் போதும், பல இடங்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடக்கம். ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. முனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து, பாடத்தைப் பொறுத்து, மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வாங்குகிறது. ஆகவே "ஜெர்மனி இலவசம்" என்று கன்சல்டன்சிக்காரர் சொன்னால், எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்று கேளுங்கள்.

அவரே மீண்டும்: மாதம் 992 யூரோ போதுமா?

கெம்னிட்ஸ் மாதிரி கிழக்கு நகரங்களில் தாராளமாகப் போதும். முனிச்சில் வாடகை கொடுத்த பிறகு எண்ணிப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும். ஆனால் மாணவர்கள் மாட்டிக்கொள்வது முதல் மாதத்தில்தான். பூட்டிய கணக்கிலிருந்து பணம் வர அங்கே ஒரு பேங்க் கணக்கு வேண்டும், அது திறக்க நாளாகும். அதற்குள் வீட்டுக்கு அட்வான்ஸ் கேட்பார்கள், சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை. சென்னை மாதிரி பத்து மாதம் கேட்க முடியாது என்பது ஒரு ஆறுதல். முதல் ஆறு வாரச் செலவும் அட்வான்ஸும் பூட்டிய கணக்குக்கு வெளியே, ஃபாரெக்ஸ் கார்டிலோ கையிலோ இருக்க வேண்டும்.

சென்னை மாணவி: ஒரு ரூம் பார்த்திருக்கிறேன், அழகாக இருக்கிறது, வாடகையும் குறைவு. ஓனர் லண்டனில் இருக்கிறாராம். பணம் அனுப்பினால் சாவியை கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார்.

அனுப்பாதே. அந்த ஓனரும் இல்லை, அந்த ரூமும் இல்லை. வருஷா வருஷம் இதே கதை. ஊர் மட்டும் சில சமயம் லண்டன், சில சமயம் மாட்ரிட்.

அட்மிஷன் வந்த அன்றே மாணவர் விடுதிக்குப் பதிவு செய். காத்திருப்போர் பட்டியல் மாதக்கணக்கில் நீளும். விடுதி கிடைக்கும் வரை, மூன்று நான்கு பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஒரு அறை தேடு. விளம்பரத்தில் இரண்டு வாடகை போட்டிருப்பார்கள்: "கால்ட்" என்றால் வெறும் இடம், "வார்ம்" என்றால் ஹீட்டிங், தண்ணீர் எல்லாம் சேர்த்து. வார்ம் வாடகையை வைத்தே கணக்குப் போடு. வீடியோவிலாவது ஓனரோ அங்கே குடியிருப்பவரோ வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும், ஒப்பந்தம் கைக்கு வர வேண்டும். அதற்கு முன் ஒரு யூரோவும் கிடையாது. இன்னொன்று, "முகவரிப் பதிவுக்குக் கையெழுத்துப் போடுவீர்களா" என்று கேள். மாட்டேன் என்றால் அந்த வீடு வேண்டாம். காரணம் அடுத்த பதிலில்.

மதுரை மாணவர்: போய் இறங்கியதும் முதலில் என்ன செய்வது?

தூங்கு. அப்புறம் அன்மெல்டுங். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் போய், இந்த முகவரியில் இருக்கிறேன் என்று பதிய வேண்டும், அது சட்டம். வீட்டு ஓனர் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் பதிய முடியாது. பெரிய நகரங்களில் இதற்கான நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆன்லைனில் பார்த்து வை. வரி எண், அடுத்து வதிவிட அனுமதி என்று எல்லாம் இந்த ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். விசா சில மாதங்களுக்குத்தான் இருக்கும் என்பதால் வதிவிட அனுமதிக்கும் சீக்கிரமே விண்ணப்பித்துவிடு.

அன்றைக்கே இன்னொரு வேலை: தபால் பெட்டியில் உன் பெயரை ஒட்டு. சிரிக்காதே. எனக்கு முதல் மாதம் ஒரு கடிதம்கூட வரவில்லை. பேங்க் பின் நம்பர் திரும்பிப் போனது, இன்ஷூரன்ஸ் கார்டு திரும்பிப் போனது. நம் ஊரில் தெருப் பெயரைச் சொன்னாலே தபால்காரர் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். அங்கே ஒரு கட்டடத்தில் இருபது வீடு இருந்தாலும் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. பெட்டியில் இருக்கும் பெயர்தான் முகவரி. கீழ்த்தளத்துப் பாட்டி ஒரு நாள் என்னை நிறுத்தி, வெற்றுப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். அவர் கொடுத்த பிளாஸ்திரித் துண்டில் பால்பாயிண்ட் பேனாவால் என் பெயரை எழுதி ஒட்டினேன். அப்பா பெயர் முழுதாக அடங்காமல் ஓரத்தில் மடங்கிப் போனது. அது மடங்கியபடியே இரண்டு வருஷம் இருந்தது.

கடிதம் வரத் தொடங்கியதும் ஒளிபரப்புக் கட்டணம் கேட்டும் ஒன்று வரும், மாதம் 18.36 யூரோ. டிவியே இல்லை என்றாலும் கட்ட வேண்டும். ஆனால் அது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுது, பங்கைப் பிரித்துக்கொள்ளுங்கள். கிழித்துப் போட்டால் அபராதத்தோடு திரும்பி வரும்.

ஈரோடு மாணவி: படிப்பு நம் ஊரைவிடக் கஷ்டமா? அரியர் விழுந்தால் என்ன ஆகும்?

பாடம் அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் உன்னை யாரும் விரட்ட மாட்டார்கள், அதுதான் ஆபத்து. அட்டெண்டன்ஸ் பெரும்பாலும் கிடையாது, இண்டர்னல் கிடையாது, ஹெச்ஓடி அப்பாவுக்குப் போன் போட மாட்டார். பல பாடங்களில் கடைசியில் ஒரே ஒரு பரீட்சை, முழு மதிப்பெண்ணும் அதற்கே. வகுப்பு அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி முதல் வாரம் வரை, பரீட்சை பிப்ரவரி, மார்ச்சில். நவம்பரில் நாள் நிறைய இருப்பதுபோலத் தெரியும்.

நான் விழுந்த குழியைச் சொல்கிறேன். அங்கே வகுப்பில் சேர்வது வேறு, பரீட்சைக்குப் பதிவு செய்வது வேறு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஆன்லைனில் தனியாகப் பதிய வேண்டும், அதற்குச் சில வாரங்கள்தான் ஜன்னல் திறந்திருக்கும். என் முதல் செமஸ்டரில் அது ஒரு வெள்ளிக்கிழமை நள்ளிரவோடு மூடியது. நான் ஞாயிற்றுக்கிழமை காலை டீ போட்டுக்கொண்டு நிதானமாகத் திறந்து பார்த்தேன். நாலு மாதம் ஒரு வகுப்புகூட விடாமல் போன பாடம் அது. பேராசிரியரிடம் கெஞ்சினேன்; விதியை நான் மாற்ற முடியாது என்று மிகவும் கனிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த செமஸ்டரில் எழுதினேன். வகுப்பு தொடங்கும் முதல் வாரத்திலேயே பதிவுத் தேதி, விலகும் தேதி இரண்டையும் போனில் அலாரமாக வைத்துவிடு.

அரியர் கேட்டாயே. நம் ஊரில் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதித் தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறோம். அங்கே பெரும்பாலான இடங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் மூன்றும் போனால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள்; அதே படிப்பை வேறு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் நடக்காத காரியம். அதனால் தயார் இல்லாத பரீட்சையிலிருந்து தேதிக்குள் விலகிவிடுவது அவமானம் இல்லை. உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் சான்றிதழ் வாங்காமல் வீட்டில் படுத்துவிடாதே.

மதிப்பெண் தலைகீழ். 1.0 முதல் தரம், 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வை. என் சித்தப்பா ஒரு 5.0-க்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்.

கும்பகோணம் மாணவர்: போன உடனே பார்ட் டைம் வேலை பார்த்து லோன் வட்டியைக் கட்டிவிடலாமா?

முதல் செமஸ்டரில் வேண்டாம் தம்பி. சட்டப்படி 2024 மார்ச்சிலிருந்து வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2026-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ, மினிஜாப் என்ற சிறு வேலையில் மாதம் 603 யூரோ வரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மாதம் சுமார் 43 மணி நேரம், பெரும்பாலும் குடோனில் இரவு வேலை. காலை வகுப்பில் தூங்கி ஒரு பாடம் போனால் ஒரு செமஸ்டர் நீளும், அந்தச் செமஸ்டரின் சாப்பாட்டுச் செலவு நீ சம்பாதித்ததை விழுங்கிவிடும். இரண்டாம் செமஸ்டரில் "ஹிவி" வேலை தேடு. பேராசிரியரிடம் லேபில் உதவி செய்யும் வேலை, அந்த 140 நாள் கணக்கில் சேராது, பின்னால் தீசிஸுக்கும் வழி திறக்கும்.

திருச்சி மாணவி: கோர்ஸ் ஆங்கிலத்தில்தான். ஜெர்மன் அவசியமா?

கோர்ஸ் மட்டும்தான் ஆங்கிலம். கடிதம், டாக்டர், வீட்டு ஓனர், பின்னால் வேலை எல்லாம் ஜெர்மன். கிளம்பும் முன் ஏ1 என்ற முதல் நிலையை முடித்துவிடு, சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறு எங்கோ. ஏ2 வரை போனால் இன்னும் நல்லது. அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று சொன்ன எவரும் முதல் வருஷத்தில் படித்து நான் பார்க்கவில்லை.

வேலூர் மாணவர்: ஸ்வெட்டர், கோட் எல்லாம் தி. நகரில் வாங்கிவிடவா?

ஒரு ஸ்வெட்டர், தெர்மல் இரண்டு செட் மட்டும். கோட்டும் ஷூவும் அங்கே வாங்கு, மழையும் காற்றும் தாங்கும்படி. மூக்குக் கண்ணாடி மட்டும் இங்கேயே இரண்டாக வாங்கிக்கொள், அங்கே விலை கண்ணைக் கட்டும்.

பெயர் வேண்டாம் என்றவர்: எனக்கு 31 வயது. இன்ஷூரன்ஸ் வேறு மாதிரி என்கிறார்களே?

ஆம். அரசு சார்ந்த மாணவர் இன்ஷூரன்ஸ் சலுகை 30 வயதுவரைதான், அது மாதம் சுமார் 150 யூரோ. உங்களுக்குத் தனியார் பாலிசிதான் வழி. விலையை மட்டும் பார்க்காமல், பல்கலைக்கழகமும் வதிவிட அலுவலகமும் அதை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நாகர்கோவில் மாணவி: தனியாக இருந்தால் பயமாக இருக்குமோ என்று யோசிக்கிறேன்.

பயத்தைவிட இருட்டு. டிசம்பரில் காலை எட்டு மணிக்கு மேல் விடிந்து, மாலை நாலரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் மூடியிருக்கும். முதல் டிசம்பரில் காரணமே இல்லாமல் அழுதால் உன்னிடம் எதுவும் குறையில்லை, எங்கள் எல்லோருக்கும் நடந்ததுதான். பகலில் வெளிச்சம் இருக்கும்போது அரை மணி நேரம் வெளியே நட. பல பல்கலைக்கழகங்களில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். கூச்சப்படாமல் நேரம் வாங்கு.

நான் ஞாயிறுகளில் எல்லை தாண்டி நெதர்லாந்தின் ஃபால்ஸ் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவேன், அங்கே கடை திறந்திருக்கும். ஒரு பண்டிகை நாளில் ரயிலில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போனேன். ஈழத் தமிழர்கள் கட்டியது, 2002-இல் குடமுழுக்கு. தொழிற்பேட்டை நடுவில் கோபுரத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. பிரசாதப் பொங்கலை இரண்டாம் முறை வரிசையில் நின்று வாங்கியதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

சேலத்து அம்மா மறுபடி: எந்த நேரத்துக்குப் போன் பண்ணலாம்?

அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அதன் பிறகு மார்ச் கடைசி வரை நாலரை. நீங்கள் இரவு ஒன்பதுக்குக் கூப்பிட்டால் அங்கே மாலை நாலரைதான் ஆகியிருக்கும், லேபில் இருப்பான், எடுக்க மாட்டான். ஞாயிறு மதியம் மூன்றரைக்குக் கூப்பிடுங்கள். அங்கே காலை பதினொன்று, அப்போதுதான் எழுந்து குக்கர் வைத்திருப்பான். எத்தனை விசில் என்று அவனே கேட்பான்.