வாசகர் கேள்வி பதில்: பழைய மடக்குக் கத்திகள்

இந்த முறை கத்திக் கடிதங்கள் எல்லாமே மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாக உட்கார்ந்து, அவரவர் சேர்த்த பழைய மடக்குக் கத்திகளைக் காட்டிப் பேசிக்கொள்ளும் ஒரு கூட்டம் அங்கே இருக்கிறதாம். ஆளுக்கொரு கேள்வி அனுப்பியிருக்கிறார்கள்.

கே: தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவருடைய இரும்புப் பெட்டியில் ஒரு பேனாக்கத்தி கிடைத்தது. மான்கொம்புப் பிடி, அலகின் அடியில் 'ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ், கட்லர்ஸ் டு ஹிஸ் மெஜஸ்டி' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. அலகு கறுத்துவிட்டது, திறக்கவே கஷ்டம். எவ்வளவு பழசு? பாலிஷ் போட்டால்தான் விலை போகும் என்கிறார் நண்பர்.

ப: நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள் தம்பி. உப்புத்தாள், கம்பி பிரஷ், சக்கரம் எதுவும் அந்தக் கத்திப் பக்கம் போகக் கூடாது. வயதைச் சொல்வதே அலகின் அடியில் இருக்கும் அந்தப் பொறிப்புதான், பாலிஷ் போட்டால் முதலில் அழிவதும் அதுதான். ராட்ஜர்ஸ் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்துக் கம்பெனி, நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும் அவர்கள் முத்திரை. 'ஹிஸ் மெஜஸ்டி' என்றால் அரசர் காலம். விக்டோரியா ராணி 1837 முதல் 1901 வரை இருந்தார், 1952-ல் மறுபடி எலிசபெத் ராணி வந்துவிட்டார், ஆகவே உங்கள் கத்தி பெரும்பாலும் அந்த 1901-க்கும் 1952-க்கும் நடுவில் செய்தது. 'இங்கிலாந்து' என்ற பெயரும் பக்கத்தில் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இறக்குமதிச் சரக்கில் நாட்டுப் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் போட்ட பிறகுதான் இந்த வழக்கம் பரவியது. அப்புறம், பெயரில் 'டி' எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாமல் வந்த போலிகள் நிறைய.

சுத்தம் செய்ய வேண்டுமென்றால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு மூட்டில் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் மெதுவாகத் திறந்து மூடினால் கறுப்புச் சேறு மாதிரி வெளியே வரும், துணியால் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். சாம்பல் நீலக் கறை அப்படியே இருக்கட்டும், அது கத்தியைக் காப்பாற்றும். செந்துருவை மட்டும் எண்ணெயில் நனைத்த பஞ்சால் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும். சுடுதண்ணீரில் போட்டால் கொம்புப் பிடி வெடித்துவிடும்.

கே: தோல் உறையில் வைத்த கத்திகள்தான் அதிகமாகத் துருப்பிடிக்கின்றன. ஏன்?

ப: நம்ம ஊர் ஈரத்தைத் தோல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, பதனிட்ட ரசாயனமும் சேர்ந்துகொள்கிறது. உறையைத் தனியாக வையுங்கள். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். உங்கள் கூட்டத்தில் யாரிடமாவது பழைய செல்லுலாய்டு பிடிக் கத்தி, அதாவது ஆமை ஓடு மாதிரியோ முத்துச்சிப்பி மாதிரியோ மினுங்குகிற பிளாஸ்டிக் பிடி, இருந்தால் அதை மற்றவற்றோடு வைக்கக் கூடாது. கெட்டுப்போகும்போது அதிலிருந்து வருகிற அமில ஆவி பக்கத்துக் கத்திகளை அரித்துவிடும், தீயும் சட்டென்று பிடிக்கும்.

கே: காப்பிக்கடையில் கூடிக் காட்டிக்கொண்டால் என்ன?

ப: வீட்டில் கூடுங்கள் ஐயா. 1958-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, அதாவது சட்டம் 357, பொது இடத்தில் தக்க காரணமில்லாமல் ஆயுதம் வைத்திருப்பது குற்றம், சிறையோடு பிரம்படியும் உண்டு. 'சேர்த்து வைக்கிறேன்' என்பதைப் போலீஸ்காரர் ஒத்துக்கொள்வாரா என்று பார்க்கப் போக வேண்டாம். பட்டனைத் தட்டினால் தெறித்துத் திறக்கும் கத்திகளை வாங்கவே வாங்காதீர்கள். தந்தப் பிடிக் கத்தியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வேறு வழக்கு.

கே: புதிதாகச் சேர ஆசை. எதில் ஆரம்பிக்கலாம்?

ப: பிரிட்டிஷ் ராணுவ மடக்குக் கத்தி. கனத்த அலகு, டின் திறப்பான், முதுகில் முடிச்சவிழ்க்கும் கூர் ஊசி, கயிறு கட்ட வளையம். பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்று காட்டும் அம்பு முத்திரையும், பலவற்றில் வருடமும் பொறித்திருக்கும், அதனால் ஏமாறுவது கொஞ்சம் குறைவு. உங்கள் ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது: 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் துரைமார் மூன்று பேர் சுடப்பட்ட பிறகுதான் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் வந்தது, அதோடு பிரிட்டிஷ் பட்டாளமும் வந்து குவிந்தது. வாங்கும்போது மூடிய நிலையில் பாருங்கள். அலகு உள்ளே ஒல்லியாக ஒடுங்கிக் கிடந்தால் பலமுறை தீட்டித் தேய்ந்தது என்று அர்த்தம், விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

கே: சேர்த்த கத்திகளைத் தீட்டி வைக்கலாமா?

ப: பழம் நறுக்குகிற கத்தியைத் தீட்டுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். முக்கியமாக, சாணைக்கல் மெஷின் வைத்திருக்கிற கடையில் கொடுத்துவிடாதீர்கள்.