ஒரு தடவை பார்க்கலாம்

அன்புள்ள சார்,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வயது 44. மாதத்துக்கு ஒரு படம் தியேட்டரில், மற்றதெல்லாம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே பார்ப்பதுதான். சினிமா பற்றிப் படித்தவள் இல்லை.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது பேச்சு சினிமாப் பக்கம் போனது. மாமனார் வழக்கம்போல, "கர்ணன் மாதிரி இனி எவன் எடுப்பான்?" என்றார். பிள்ளைகள் லப்பர் பந்து என்றார்கள். நான் மெய்யழகனைச் சொன்னேன். "அழுதுட்டேன், ஆனா நடுவுல ரொம்ப நீளம், ஒரு தடவை பார்க்கலாம்" என்றேன். குறும்படம் எடுக்கும் கொழுந்தனார் ஒருவர் சிரித்துவிட்டார். "அண்ணி, அழுகை வந்துச்சு, போர் அடிச்சுதுங்கறதெல்லாம் ஒரு கருத்தாங்க? திரைமொழி தெரிஞ்சவங்க பேசோணும்" என்றார். எல்லார் முன்னாலும். பாத்திரம் எடுத்து வைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

அதைவிட இன்னொன்று உறுத்துகிறது. 2003 பொங்கலுக்கு, கல்யாணமான புதிதில், தூளும் அன்பே சிவமும் ஒரே வாரத்தில் பார்த்தோம். தூளில் கை தட்டி உள்ளங்கை சிவந்தது. அன்பே சிவத்தில் இடைவேளைக்குப் பிறகு தூங்கிவிட்டேன். வெளியே வந்து "அறுவை" என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அதே படத்தை டிவியில் போட்டால் சானலை மாற்ற விடுவதில்லை. அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்கு அழுவது பொய்யா? என்னைப் போன்றவர்கள் படத்தைப் பற்றிப் பேசலாமா, கூடாதா?

ச., திருப்பூர்

*

அன்புள்ள ச.,

நீங்கள் பாத்திரம் எடுக்கப் போயிருக்கக் கூடாது. அங்கேயே உட்கார்ந்து கொழுந்தனாரிடம் ஒன்று கேட்டிருக்கலாம். 2024 செப்டம்பரில் வந்த மெய்யழகனை, வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடம் குறைத்தார்களே, யார் பேச்சைக் கேட்டுக் குறைத்தார்கள்? திரைமொழி வகுப்பெடுப்பவர்கள் கூடி மனுக் கொடுத்தார்களா? முதல் இரண்டு நாள் பார்த்துவிட்டு வந்து, வண்டியை எடுத்துக்கொண்டே "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் நீளம்" என்றார்களே, அவர்கள் பேச்சைக் கேட்டுத்தான்.

என்னைக் கேட்டால் அந்த வெட்டு தேவையில்லாதது. 22 வருடம் கழித்து ஊருக்கு வருகிறவன் ஒருவன். அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் இன்னொருவன். இவனுக்கு அவன் பெயரே நினைவில்லை, கேட்கவும் கூச்சம். அந்தக் கூச்சத்தோடு ஓர் இரவு முழுக்க அவனுடைய அன்பைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், அந்த இரவு நீளமாகத்தான் இருக்கும். எனக்கு நீளம்தான் படம். உங்களுக்கு நீளம் குறை. இரண்டு பேருமே டிக்கெட் வாங்கித்தான் பார்த்தோம்.

ஆனால் உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அது அந்தக் கடைசி வாக்கியம். "ஒரு தடவை பார்க்கலாம்."

நம் ஊரில் படத்தைப் பற்றிய பேச்சில் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கிறது. ஒரு தடவை பார்க்கலாம். ஃபேமிலியோட போகலாம். முதல் பாதி ஓகே, ரெண்டாம் பாதி லேக். லாஜிக் பார்க்காமப் பார்த்தா நல்லா இருக்கு. ஓடிடி-யில் வரும்போது பாத்துக்கலாம். இதெல்லாம் காய்கறிக் கடையில் வாழைக்காயை அமுக்கிப் பார்த்து அடுத்த ஆளுக்குச் சொல்வது போல. பயனுள்ள பேச்சுதான், நானும் இதைக் கேட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறேன். ஆனால் "அழுதுட்டேன்" என்று தொடங்கினீர்களே, அது உங்களுடையது. எங்கே அழுதீர்கள், எதை நினைத்து அழுதீர்கள் என்பதற்குள் போகாமல் அடுத்தவர் பர்ஸுக்கு ஆலோசனை சொல்லப் போய்விட்டீர்கள்.

இதில் பத்திரிகைகள் மட்டும் ஒழுங்கா என்ன? ஆனந்த விகடன் மார்க் போட்டுப் பழக்கியது. 1977இல் 16 வயதினிலேவுக்கு 62.5 மார்க் கொடுத்ததை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த அரை மார்க்கை எந்தக் காட்சிக்குக் கொடுத்தார்கள் என்று எனக்கு நாற்பது வருடமாகச் சந்தேகம்.

படத்தைப் பற்றிப் பேசுவதென்றால் என்ன என்று நான் கற்றது என் பெரியம்மாவிடம். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். 144 பெட்டி ஒரு குரோஸ். திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள் பசைச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒருத்தி மட்டும் முந்தின நாள் டவுனுக்குப் போய்ப் படம் பார்த்திருப்பாள். பெரும்பாலும் பெரியம்மா. அவள் கதை சொல்ல ஆரம்பித்தால் ஒரு குரோஸ் முடியும்போது இடைவேளை வரும். சண்டைக் காட்சி எல்லாவற்றையும் "அடிச்சிக்கிட்டானுக" என்று ஒரே சொல்லில் தாண்டிவிடுவாள். கதாநாயகி வெறும் வயிற்றோடு படுத்த காட்சி ஒன்று இருந்தால் அதற்குப் பத்து நிமிடம். வீட்டில் உலை வைத்தாளா, பழைய சோறாவது இருந்ததா என்று படத்தில் இல்லாததையும் சேர்த்து. எதை விட்டாள், எதை நீட்டினாள் என்பதுதான் அவளுடைய விமரிசனம்.

உதிரிப்பூக்களைப் பார்த்துவிட்டு வந்து 1979இல் சொன்னாள். இயக்குநர் மகேந்திரன், படத்துக்கு மூலமான புதுமைப்பித்தனின் சிற்றன்னை, அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. இரண்டு பிள்ளைகளின் அப்பனான அந்த வில்லனை ஊரே கூடி ஆற்றுக்குள் போக வைக்கும் கடைசிக் கட்டம் வந்தபோது திண்ணையில் இருந்தவர்களுக்குத் திருப்தி. வேணும் அவனுக்கு என்றார்கள். பெரியம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாஞ் சரித்தா. அந்தப் பிள்ளைக ரெண்டும் ராத்திரி யார் வீட்ல சாப்புடும்? அத்தன பேர் நிக்கானுவ, ஒருத்தனுக்குத் தோணலையே" என்றாள். அந்தப் படத்தைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ கட்டுரை படித்துவிட்டேன். அதன் வில்லன் ஊரையே தன்னைப் போல ஆக்கிவிட்டுப் போகிறான் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பெரியம்மா அதை ஒரு வேளைச் சோற்றை வைத்துச் சொல்லிவிட்டாள். உங்கள் கொழுந்தனார் அவளையும் திரைமொழி தெரியாதவள் என்றுதான் சொல்வார். தெரியாதுதான்.

இனி அன்பே சிவம். இரண்டுமே பொய் இல்லை. ஆனால் 2003இல் நீங்கள் தூங்கியதற்குக் காரணம் உங்கள் ரசனைக் குறைவு என்று இன்றைக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு முந்தைய வருடம்தான் பம்மல் கே. சம்பந்தமும் பஞ்சதந்திரமும் வந்திருந்தன. இயக்குநர் யார்? உள்ளத்தை அள்ளித்தா எடுத்த சுந்தர் சி. கமல், சுந்தர் சி, பொங்கல் ரிலீஸ் என்றால் ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று குடும்பத்தோடு கிளம்பினார்கள். உள்ளே போனால் முகம் சிதைந்த ஒரு மனிதர், ஒரிசா வெள்ளம், புவனேஸ்வரத்திலிருந்து சென்னை வரை பஸ்ஸும் ரயிலுமாக ஒரு நெடும்பயணம், நடுவில் பொதுவுடைமை. பக்கத்துத் தியேட்டரில் விக்ரம் அடி வெளுக்கிறார், பரவை முனியம்மா பாடுகிறார். பண்டிகை நாளில், புதுப் புடவையில், இருபத்திரண்டு வயதில் கை தட்டும் இடத்தில்தான் கை தட்டுவீர்கள். தூள் அன்றைக்கு உங்களுக்குக் கொடுத்த சந்தோஷத்தை ஏன் இப்போது மறைக்க வேண்டும்?

"நல்ல படத்தைத் தோற்கடித்துவிட்டோம்" என்று இன்று அன்பே சிவத்துக்காக வருந்துகிறவர்கள் எல்லாம் அன்றைக்கு ஒரு டிக்கெட் எடுத்திருந்தால் அது வெள்ளிவிழா கண்டிருக்கும். நானும் அந்தக் கூட்டம்தான். அந்தப் பொங்கலுக்கு நான் போனது தூளுக்கு. அன்பே சிவத்தை இரண்டு வருடம் கழித்து, காய்ச்சலில் படுத்திருந்தபோது டிவியில் பார்த்தேன். நீங்களாவது நேரில் போய்த் தூங்கினீர்கள்.

மனம் மாறுவது ஒரு பக்கம் இருக்கட்டும், மாறாமல் இருப்பதிலும் ஓர் அழகு உண்டு. உங்கள் மாமனாருக்காக இதைச் சொல்கிறேன். 1964 பொங்கலுக்கு சிவாஜியின் கர்ணனும் எம்.ஜி.ஆரின் வேட்டைக்காரனும் ஒரே நாளில் வந்தன. என் அப்பா எம்.ஜி.ஆர். பக்கம். வேட்டைக்காரனைப் பல தடவை பார்த்தவர், கர்ணனை ஒரு கொள்கையாகவே பார்க்கவில்லை. அது அப்படியே நாற்பத்தெட்டு வருடம் நீடித்தது. 2012இல் கர்ணனை டிஜிட்டலில் புதுப்பித்து மறுபடி வெளியிட்டு, அது புதுப் படம் போல ஓடியதல்லவா, அப்போது கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனேன். மனுஷன் மூன்று மணி நேரம் அசையவில்லை. கடைசியில், கர்ணன் அம்பு பாய்ந்து கிடக்கும்போது வேட்டி முனையால் கண்ணைத் துடைத்ததை நானே பார்த்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, சிவாஜியை விட்டுவிட்டுக் கிருஷ்ணனாக வந்தவரைப் பற்றிச் சொன்னார்: "என்.டி.ராமராவ் நல்லாப் பண்ணிருக்கான்."

தலைகீழாக நடந்ததும் உண்டு. பட்டிக்காடா பட்டணமா 1972இல் வந்து பெரிய ஓட்டம் ஓடிய படம். தமிழில் சிறந்த படம் என்று தேசிய விருதும் வாங்கியது. பட்டணத்து மனைவியின் திமிரைப் பட்டிக்காட்டுப் புருஷன் அடக்கி வழிக்குக் கொண்டுவரும் கதை. சிறுவயதில் டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். பல வருடம் கழித்து டிவியில் வந்தபோது மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன், சிவாஜியைப் பார் என்று. அவள் பாதியில் எழுந்து போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன். ஜெயலலிதா அதில் நன்றாக நடித்திருக்கிறார் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

கில்லி மறுவெளியீட்டில் ரசிகர்கள் தியேட்டருக்குள் ஆடினார்களே, அதில் பாதி தங்கள் கல்லூரிக் காலத்துக்கு ஆடியது. அதைப் படத்தின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

2024 நவம்பரில் கங்குவா வந்த சமயம், முதல் நாள் தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை மைக்கோடு விட வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் தரப்பில் கேட்டுக்கொண்டார்கள். கருத்தைத் தடுப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் மைக்கைப் பார்த்ததும் மனுஷனுக்கு ஓர் ஆவேசம் வந்துவிடுகிறது என்பது உண்மை. ஒன்றுக்குக்கூடப் போயிருக்க மாட்டான், அதற்குள் "ப்ளாக்பஸ்டர்" அல்லது "மொக்கை". நடுவில் ஒன்றும் சொன்னால் ஒளிபரப்பமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். பஸ் ஸ்டாப் வரை பேசாமல் நடக்க அவனுக்கு நேரம் கொடுக்கிறவர் யாருமில்லை.

ஆகவே பேசுங்கள். கொழுந்தனார் முன்னாலேயே பேசுங்கள். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கேமராவை எங்கே வைத்தான், எங்கே வெட்டினான் என்று தெரிந்தால் நம் அழுகைக்கு வழி எது என்று கண்டுபிடிக்கலாம், அதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. ஆனால் அழுதது முதலில் நடந்திருக்க வேண்டும்.

அவருடைய குறும்படத்தை வாங்கி மாமனாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருநாள் வீட்டில் போட்டுப் பாருங்கள். முடிந்ததும் ஒரு தடவை பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மெய்யழகனில் எந்த இடத்தில் அழுதீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.