டோனி கிரெகரியின் ஒப்பந்தம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அயர்லாந்தின் டப்ளின் நகரத்துச் சுயேச்சை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டோனி கிரெகரியைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். ஆட்சி அமைக்கத் தன் ஓட்டைக் கொடுத்து, பதிலுக்குத் தொகுதிக்குக் கோடிக்கணக்கில் பணம் கேட்டவர் அவர். இது குதிரை பேரம் இல்லையா? மற்ற ஊர் ஏழைகள் என்ன பாவம் செய்தார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் குதிரை பேரம் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

1982 பிப்ரவரி தேர்தலில் 166 இடங்களில் ஃபியன்னா ஃபாயில் கட்சிக்குக் கிடைத்தது 81. அதன் தலைவர் சார்ல்ஸ் ஹாஹி பிரதமராக இன்னும் சில ஓட்டுகள் வேண்டும். டப்ளின் மத்தியத் தொகுதியில் அப்போதுதான் முதல்முறையாக வென்றிருந்தார் கிரெகரி. பள்ளி ஆசிரியர், 1979 முதல் மாநகராட்சி உறுப்பினர். அவருடைய பகுதியில் துறைமுக வேலைகள் போய்விட்டிருந்தன, வீடுகள் இடிந்துகொண்டிருந்தன, ஹெராயின் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் மந்திரி பதவி கேட்கவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் கேட்டார். துறைமுக வாரியத்தின் 27 ஏக்கர் நிலத்தை அரசு எடுக்க வேண்டும், தொகுதியில் 440 வீடுகள் கட்ட வேண்டும், நகரின் மற்ற பகுதிகளில் இன்னொரு 1,600 வீடுகள். தொகுதிக்கு வெளியே க்ளாண்டால்கினில் இருந்த காகித ஆலையைக் காப்பாற்றுவதும் அதில் இருந்தது. ஆக, தன் ஓட்டர்களுக்கு மட்டும் கேட்டார் என்பது சரியல்ல.

ஹாஹி கையெழுத்துப் போட்டார். தொழிற்சங்கத் தலைவர் மிக்கி மல்லன் சாட்சி. கிரெகரி அதை நாடாளுமன்றத்திலேயே எடுத்துச் சொன்னார். குதிரை பேரம் பேசுகிறவர்கள் விலையைச் சபையில் படித்துக் காட்டுவதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கார்க், லிமெரிக் போன்ற மற்ற நகரங்களில் இருந்த ஏழைத் தெருக்களுக்கு அப்படியொரு ஓட்டு வாய்க்கவில்லை. அது நியாயமில்லைதான். ஆனால் அந்தப் பழி, தேர்தல் கணக்கு இடித்தபிறகே டப்ளின் நடுவிலுள்ள ஏழைப் பகுதிகளைத் திரும்பிப் பார்த்த அரசின் மேல்தான் விழ வேண்டும்.

அப்புறம், அந்த ஆட்சி நவம்பரிலேயே கவிழ்ந்தது. ஒப்பந்தத்தில் நிறைய நிறைவேறவில்லை. அந்த ஒப்பந்தத்துக்காக மட்டும் நான் அவரை மதிக்கவில்லை, அதற்குப் பிறகான வருடங்களுக்காகவும்தான். டப்ளின் தெருக்களில் பழமும் காய்கறியும் விற்ற பெண்களைப் போலீஸ் விரட்டியபோது அவர்களோடு போராட்டத்தில் நின்றார். இனி அமைதி காப்பேன் என்று எழுதிக் கொடுக்க மறுத்ததால் 1986இல் இரண்டு வாரம் மவுண்ட்ஜாய் சிறையில் இருந்தார். ஹெராயின் வியாபாரிகளுக்கு எதிராகப் பெற்றோர்கள் திரண்டபோது அவர்கள் பக்கம் நின்றார். போதைப் பணத்தில் வாங்கிய சொத்தைப் பறிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அதற்கான அரசு அமைப்பு 1996இல்தான் வந்தது.

ஒரே தொகுதியில் பல உறுப்பினர்கள், வாக்காளர் தன் விருப்ப வரிசையில் எண் போடலாம். அயர்லாந்தின் இந்த முறை இல்லாவிட்டால் கட்சியில்லாத ஒருவர் இவ்வளவு காலம் நீடிப்பது கடினம். 1982இல் வென்றபின் 2009 ஜனவரியில் இறக்கும்வரை அவர் ஒரு நாடாளுமன்றத் தேர்தலிலும் தோற்கவில்லை. அந்த வருட இடைத்தேர்தலில் அவருடன் வேலை செய்த மௌரீன் ஓ'சல்லிவன் சுயேச்சையாகவே அந்த இடத்தை வென்றார்.

1982 மார்ச் 9 தேதியிட்ட நாடாளுமன்றக் குறிப்பில் அவருடைய பேச்சு இருக்கிறது. அதைப் படித்துவிட்டு உங்கள் கருத்து மாறாவிட்டால் மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.